அர்ஹமின் குறியீடு

இது நடந்தது. வாசிக்கிறவர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். நடந்த வீடு கல்முனைக்குடியில், கடற்கரை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் இன்றும் இருக்கிறது. கூரைத் தட்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஓர் அன்டெனா நிற்கிறது. போகிற வருகிறவர்கள் அதை டீவிக்குப் போட்டது என்று நினைப்பார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது நடுச்சாமக் கதை அல்ல. பின்னேர அஸர் தொழுகைக்கும் பொழுதுபடும் மஃரிபுக்கும் நடுவில், தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் அடிக்கும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் நடந்தது. அதுதான் இதில் இன்னும் பயமான விசயம்.

அந்த வீட்டில் உம்மாவும் இரண்டு பெண்மக்களும். மூத்தவள் ஹாஜறா. அவளுடைய கணவன் அர்ஹம், கடல்தொழில் செய்கிறவன், இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன். இளையவள் ஸகியா. சம்மாந்துறையில் ஒரு தொழில்நுட்ப நிலையத்தில் வானொலித் தொடர்பாடல் படிப்பிக்கிறாள்.

கல்முனைக்குடியின் மீன்பிடிப் போட்டுகள் கடலில் இயந்திரம் பழுதாகி, காற்றில் இழுபட்டு, எங்கெங்கோ போய்க் கிடப்பது புதிய கதை இல்லை. அதற்காக ஸகியா ஒரு சின்னப் பெட்டி செய்தாள். போட்டில் கட்டிவிட்டால் மணிக்கொரு தடவை தானாகவே ஒரு சமிக்ஞை அனுப்பும். ஆபத்தென்றால் அழுத்த ஓர் அவசரப் பொத்தானும் அதில் உண்டு. கரையில் அவள் வீட்டு அன்டெனா அதை வாங்கும். பன்னிரண்டு போட்டுகளுக்குப் பன்னிரண்டு பெட்டிகள். எல்லாம் ஒரே அலைவரிசை. வேறு வேறு அலைவரிசைக்கு அனுமதியும் இல்லை, வசதியும் இல்லை.

"பன்னிரண்டும் ஒரே நேரம் கத்தினா, எது ஆர்ட எண்டு உனக்கு எப்பிடிகா விளங்கும்?" என்று ஒருநாள் சோறு தின்னும்போது அர்ஹம் கேட்டான்.

"நீங்க ஓதப்பள்ளிக்குப் போனதில்லையா மச்சான்?"

"போன. நல்லா அடியும் வாங்கின."

"நாப்பது புள்ளைகள் ஒண்டா இருந்து சத்தம் போட்டுக் குர்ஆன் ஓதும். லெப்பை ஒரு புள்ளட ஆயத்த மட்டும் தன்ட வாய்க்குள்ள கூடவே ஓதிக்கிட்டு போவாரு. அப்ப அந்தப் புள்ள விட்ட பிழை மட்டும் அவருக்குக் கேக்கும். மத்ததெல்லாம் வெறும் இரைச்சல். அப்பிடித்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறியீடு. அந்தக் குறியீட நானும் இங்க கூடவே ஓட விட்டா, அந்தப் பெட்டி மட்டும் மேல எழும்பும்."

"அப்ப எனக்கு எந்த ஸூறா?"

"உங்களுக்கு ஆகச் சின்னதுதான். நீளமானது உங்கட மண்டைக்குள்ள நிக்காது."

ஹாஜறாவுக்குச் சிரிப்பில் புரைக்கேறி, அர்ஹம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

ஸகியாவின் திரையில் பன்னிரண்டு வரிகள் ஓடும். போட்டு கடலில் இருந்தால் அதன் வரியில் ஒரு முனை, ஈட்டி போல, மேலே எழும்பி நிற்கும். பெட்டி அனுப்பிய நேரத்திலிருந்து கரைக்கு வந்த நேரம் எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். திசை தெரியாது. தூரம் மட்டும்தான்.

கச்சான் காற்று ஓய்ந்து வாடை பிறக்கிற நாட்களில் அர்ஹமும் அவனோடு தொழில் செய்யும் பக்கீர் முகைதீனும் போட்டில் போனார்கள். அன்று இரவு கடல் கொந்தளித்தது. விடிந்தபோது அர்ஹமின் வரி, பன்னிரண்டாவது, தட்டையாகக் கிடந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. மற்றப் பதினொரு போட்டும் தேடப் புறப்பட்டன. ஆழம் குறைந்த கடல், ஆழ்கடல் என்று நாள்கணக்கில் சல்லடை போட்டார்கள். ஸகியா திரைக்கு முன்னாலேயே இருந்து தின்றாள், அங்கேயே தூங்கினாள். பதினொரு ஈட்டிகள் எழும்பி எழும்பி நின்றன. பன்னிரண்டாவது அசையவே இல்லை.

அந்தக் கிழமைக்குள் பக்கீர் முகைதீனின் உயிரற்ற உடல், மையத்து, அறுகம்பே பக்கம் ஒதுங்கியது. அர்ஹமுக்கு ஒன்றும் ஒதுங்கவில்லை. ஒரு செருப்புக்கூட.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. கணவன் மவுத்தானால், இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, வீட்டை விட்டு வெளியே போகாமல். அது முடிந்தால்தான் அவள் திரும்பவும் வெளியே நடமாடலாம், உழைக்கலாம், விரும்பினால் வேறு வாழ்க்கையும் பார்க்கலாம். மவுத்து என்று உறுதி இல்லாவிட்டால் இத்தாவும் இல்லை. வருடக்கணக்கில் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். ஹாஜறாவுக்கு இருபத்தாறு வயது.

உம்மாவின் தம்பி முனாப் மாமா கிழமைக்கொருதரம் வருவார். பசாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். கதையும் இரும்பு மாதிரித்தான் இருக்கும்.

"கூடப் போனவன்ட மையத்து வந்திட்டு. இனி என்னத்துக்குகா பாத்துக்கிட்டிரிக்க? மையத்து இல்லாமலே ஹாயிப் ஜனாஸா தொழுவிப்பம். நீ இத்தா இரி."

"மையத்தக் காட்டுங்க, இரிக்கன்" என்பாள் ஹாஜறா.

"கடலுக்கிட்டப் போய்க் கேக்கவா?"

"ஸகியாட பெட்டிக்கிட்டக் கேளுங்க. அவர்ட வரி இன்னும் அதுல இரிக்கி."

முனாப் மாமா ஸகியாவைத் தனியாகக் கூப்பிட்டார். "மகள், நீ படிச்சவ. அந்த ஒரு வரி இரிக்கிற வரைக்கும் உன்ட ராத்தா அசைய மாட்டா. அத அழிச்சிப் போடு. அவ கரையேறட்டும்."

இத்தா இல்லை என்று சொன்ன ஹாஜறா வாசற்படியைத் தாண்டியதில்லை. நல்ல உடுப்பு ஒன்று உடுத்ததில்லை. இத்தாவுக்குள் இருக்கிறவளைவிட மோசமாக இருந்தாள். கிழமைக்குக் கிழமை மெலிந்தாள். மாமா சொல்வதில் பிழை இல்லை என்றுதான் ஸகியாவுக்கும் பட்டது.

இரண்டு மாதம் கழிந்து ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு, ஸகியா கணினிக்கு முன்னால் குந்தினாள். பன்னிரண்டாவது குறியீட்டைத் தெரிவு செய்தாள். அழிக்கவா என்று கணினி கேட்டது. ஓம் என்று அழுத்தப் போனாள்.

அந்த நேரம் பன்னிரண்டாவது வரி எழும்பியது.

சின்ன முனை. மெல்லியது. ஆனால் முனைதான். தூரம் ஐம்பத்திரண்டு கிலோமீற்றர் என்று காட்டியது.

ஸகியா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "மச்சான்..." என்று வாய் வரைக்கும் வந்தது. பிறகு மூளை வேலை செய்தது. பெட்டியின் பற்றரி பத்து நாள்தான் தாங்கும். அவள் போட்ட பற்றரி. அவளுக்குத் தெரியாதா?

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. முனை படுத்துவிட்டது.

அடுத்த நாளும் அஸருக்குப் பிறகு வந்தது. மஃரிபு பாங்கோடு போனது. அதற்கடுத்த நாளும்.

அவள் ஒழுங்காகச் சோதித்தாள். குறியீட்டில் ஒரே ஒரு துண்டை மாற்றினாள்... முனை இல்லை. பழையபடி வைத்தாள்... இருக்கிறது. குறியீடே இல்லாமல் வெறும் அலையைப் பார்த்தாள். வெறும் இரைச்சல். அர்ஹமுக்கென்று வைத்த குறியீட்டைக் கூடவே ஓட விட்டால் மட்டும்தான் அவன் அங்கே இருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. ராத்தாவிடம் சொன்னால் அவள் ஆயுள் முழுக்கக் காத்திருப்பாள். சொல்லாமல் அழித்தால்... அழிக்கக் கை வரவில்லை.

கருவியில் ஏதோ பிழை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, கூடப் படித்த ஜெனோசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஜெனோசா கல்முனைப் பிள்ளைதான், மெதடிஸ்த குடும்பம். இப்போது கண்டியில் மேற்படிப்பு. ஒன்றோடொன்று மோதும் சமிக்ஞைகளைப் பிரித்தெடுப்பதுதான் அவளுடைய ஆய்வு.

"புயல் நாள்ல இருந்து பதிஞ்ச பழைய பதிவெல்லாம் வச்சிரிக்கன். ஒருக்காப் பார்த்துச் சொல்லுவியா? என்ட கருவி சரியா வேல செஞ்சுதா எண்டு."

"அனுப்படி. ஆனா உடன கேக்காத. என்ட பேராசிரியர் என்னை உயிரோட தின்னுறார்."

ஸகியா அந்தப் பழைய பதிவுகளை மட்டும் அனுப்பினாள். பின்னேரங்களில் வரும் முனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குள் இன்னொன்றைக் கவனித்தாள்.

தூரம் குறைந்துகொண்டு வந்தது.

ஐம்பத்திரண்டு. பிறகு நாற்பத்தொன்பது. ஒரு கிழமை கழிய நாற்பது. இயந்திரப் போட்டின் வேகம் இல்லை அது. நீரோட்டத்தின் வேகமும் இல்லை. யாரோ மெல்ல, நின்று நின்று, நடந்து வருகிற மாதிரி.

கிட்ட வந்தால் சமிக்ஞை பலக்க வேண்டும். பலக்கவில்லை. ஐம்பதில் எப்படி மெலிந்து இருந்ததோ, இருபதிலும் அப்படியே.

பத்துக்குள் வந்த நாள் அவள் கூரைத் தட்டுக்கு ஏறி அன்டெனாவின் வயரைக் கழற்றினாள். கீழே ஓடி வந்து பார்த்தாள். கடலில் நின்ற போட்டுகளின் வரிகளெல்லாம் படுத்துக் கிடந்தன. சரி. அன்டெனா இல்லாவிட்டால் எதுவும் வராது.

பன்னிரண்டாவது வரியில் முனை நின்றது.

மூன்று கிலோமீற்றர்.

ஒன்று.

பிறகு ஒரு நாள், வீட்டுக்கும் கடற்கரைக்கும் எவ்வளவு தூரமோ சரியாக அவ்வளவு. ஸகியா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். கரைவலைக்காரர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் நண்டு கிளறியது. வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது தன் காலடிக்குப் பின்னால் ஈரமணல் மிதிபடும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அஸர்.

முனை எழும்பியது.

தூரம்: பூச்சியம்.

வீட்டில் உம்மா இல்லை, ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தா. அடுப்படிக் குசினியில் சத்தம் இல்லை. வெளியே பிள்ளைகள் "அவுட், அவுட்" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்பது போல இருந்தது.

சின்ன அன்டெனா ஒன்றைக் கணினியில் செருகி, கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு எழும்பினாள். முன் கூடத்துக்குப் போனாள். முனை அப்படியே. குசினிக்குப் போனாள். சற்றுக் குறைந்தது.

ராத்தாவின் அறைப் பக்கம் திரும்பினாள்.

உயர்ந்தது.

இத்தனை நாளில் முதல் தடவையாக... உயர்ந்தது.

ஒரு எட்டு வைத்தாள்.

இன்னும் உயர்ந்தது.

அறை வாசலில் தொங்கிய சீலையை விலக்கினாள்.

ஹாஜறா தொழுகைப் பாயில் இருந்தாள். தலையைக் குனிந்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னொரு பாய் விரித்துக் கிடந்தது. மனைவிக்குத் தொழுவிக்கும் ஆண் நிற்கிற இடத்தில்.

அந்தப் பாயில், நெற்றி படும் இடம் ஈரமாக இருந்தது.

"ராத்தா..."

"ம்."

"முன்னுக்கு ஆருக்கு விரிச்ச?"

ஹாஜறா தலையை உயர்த்தவில்லை.

"நான் என்ட பாய மட்டும்தான்கா விரிச்ச."

ஸகியா கணினியை மூடினாள். உப்புக் காற்று வாடை மூக்கில் ஏறியது. அறை யன்னல் சாத்திக் கிடந்தது.

"போகா" என்றாள் ஹாஜறா, மிக மெல்ல. "ஓதி முடிச்சிட்டு வாறன்."

அன்றிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு அந்த அறையில் சீலை இழுத்துவிடப்பட்டிருக்கும். தினமும் தூரம் பூச்சியம். ஸகியா பிறகு அந்தச் சீலையை விலக்கவில்லை. ஒரு விசயம் மட்டும் அவளுக்கு விளங்கியது. ராத்தா மெலிவதை நிறுத்தியிருந்தாள். சோறு தின்றாள். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டு தனக்குள் எதையோ நினைத்துச் சிரித்தாள். உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னா. ஸகியா அன்று கிணற்றடிக்குப் போய் நின்று அழுதாள்.

இப்படியே கிழமைகள் போய், நோன்பு மாதத்துக்கு அரை மாதம் முந்தி வரும் பராத் நாள் வந்தது. ஹாஜறா நோன்பு பிடித்திருந்தாள். பின்னேரம் பராத் றொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தவள் அஸருக்குப் பிறகு கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போனாள். அன்று நெடுநேரம் வெளியே வரவில்லை.

மஃரிபு பாங்கு தொடங்கியது. ஸகியா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனை வழக்கம்போல ஒரேயடியாகப் படுக்கவில்லை. மெல்லத் தாழ்ந்தது. பாங்கு முடியும்வரை தாழ்ந்துகொண்டே போய், இரைச்சலோடு இரைச்சலாக மறைந்தது.

ஹாஜறா வெளியே வந்தாள். வாசற்படிக்குப் போய் நின்றாள். மாதக்கணக்காக அவள் போகாத வாசற்படி. ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அப்படியே கீழே இருந்து, கடல் கொந்தளித்த இரவிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதாள். நோன்பு திறக்கக் கொடுத்த ஈத்தம்பழம் அவள் கையிலேயே இருந்தது.

அழுது முடித்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"முனாப் மாமாக்குச் சொல்லு ஸகியா. ஜனாஸா தொழுவிக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் ஹாயிப் ஜனாஸா தொழுதார்கள். மவுத்தான நாள் எது என்று யாருக்கும் தெரியாததால், அன்றிலிருந்தே இத்தாவைத் தொடங்கச் சொன்னார் மௌலவி. ஹாஜறா ஒன்றும் எதிர்த்துக் கதைக்கவில்லை. வெள்ளை உடுத்தாள்.

ஸகியா அதற்குப் பிறகும் ஒவ்வொரு அஸருக்கும் பார்த்தாள். பன்னிரண்டாவது வரி எழும்பவில்லை.

நோன்பு மாதம் நடுவில் ஜெனோசா தொலைபேசி எடுத்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள். அன்று ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"ஸகியா... இரிக்கிறியா?"

"சொல்லுடி."

"தேடப் போன பதினொரு போட்டிலயும் உன்ட பெட்டி ஓடிக்கிட்டுத்தானே இருந்தது?"

"ஓம். எல்லாத்திலயும்."

"எல்லாம் அவரவிட உன்ட அன்டெனாக்குக் கிட்ட. பலமான சத்தம். நான் ஒவ்வொண்டா எடுத்தன். முதலாவது போட்டப் பிரிச்சுக் கழிச்சன், ரெண்டாவதக் கழிச்சன், அப்பிடியே பதினொண்டும். எல்லாம் போன பிறகு... அடியில உன்ட மச்சான் இருந்தவர்."

ராத்தாவுக்குக் கேட்கக் கூடாதென்று ஸகியா கதவைச் சாத்தினாள்.

"ஒன்பது நாள் இருந்தவர். மணிக்கொரு தடவை. கடைசி நாளுகள்ல பெட்டியில இருக்கிற அவசரப் பொத்தானையும் அழுத்தியிருக்கு. விட்டு விட்டு. அது தானா அழுத்தாது, ஆள் அழுத்தினாத்தான். கடைசியா அழுத்தினது ஒன்பதாம் நாள், பொழுதுபடுற நேரம். அதோட சரி."

தேடிப் போனவர்களின் சத்தம்தான் அவனுடைய சத்தத்தை மூடிவிட்டது. அத்தனை போட்டும் அவனுக்காகப் போனவை.

ஸகியா அன்று இரவு முழுக்க யோசித்தாள். ராத்தாவிடம் இதைச் சொல்ல ஏலாது. இந்த ஜென்மத்தில் ஏலாது. ஆனால் திகதி வேண்டும். மார்க்கப்படி இத்தாவுக்குக் கணக்கு மவுத்தான நாள்தான், செய்தி கிடைத்த நாள் அல்ல. விடிந்ததும் முனாப் மாமாவைக் கூட்டிக்கொண்டு மௌலவியிடம் போனாள். பழைய பதிவில் பெட்டியின் கடைசிச் சமிக்ஞை அகப்பட்டது என்றும், அதன் திகதியையும் மட்டும் சொன்னாள். எப்படி அகப்பட்டது, ஏன் அப்போது கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

மௌலவி திகதியைப் பிறைக்கு மாற்றினார். "றபீஉனில் ஆகிர் அஞ்சு. மஃரிபு நேரம்." விரல் மடிப்புகளில் எண்ணினார். "ஷஃபான் அஞ்சோட நாலு மாசம். மேல பத்து நாள்."

எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"ஷஃபான் பதினஞ்சு. பராத் அன்டைக்கு மஃரிபோட இத்தா முடிஞ்சிட்டே!"

முனாப் மாமா விழித்தார். "அவ இத்தா எண்டு இரிக்கவே இல்லையே மௌலவி?"

"வெளிய போனவவா?"

"வாசப்படி தாண்டல்ல."

"சோடிச்சி உடுத்தவவா?"

"எங்க!"

"அப்ப இருந்ததுதான். அல்லாஹ் அறிவான். வெள்ளையக் கழட்டச் சொல்லுங்க."

ஸகியாவும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பராத் அன்று மஃரிபோடுதான் பன்னிரண்டாவது வரி படுத்தது. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. மௌலவிக்கு இல்லை. ஜெனோசாவுக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தார்கள். மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். ஸகியா மட்டும் உள்ளே போனாள். ஹாஜறா கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, நாள் தெரிஞ்சிட்டு. உன்ட இத்தா முடிஞ்சிட்டாம். பராத்தோடயே முடிஞ்சிட்டாம்."

ஹாஜறா நிமிரவில்லை. மடித்த உடுப்பைத் தடவிவிட்டாள்.

"தெரியும்கா."

"தெரியுமா?"

"ம். இத மாமாக்கிட்டயும் மௌலவிக்கிட்டயும் நான் எப்பிடிச் சொல்ற? விசர் எண்டுவாங்க. அதான் சும்மா இருந்த."

ஹாஜறா அவளை இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். சின்ன வயதில் செய்கிற மாதிரித் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ இனி அழாத. உன்ன ஏச வேணாம் எண்டுதான் அவரும் சொன்ன. ஒன்பது நாளும் கூப்பிட்டவராம். எல்லாப் போட்டும் தன்னத் தேடித்தானே வந்தது, அந்தச் சத்தத்துக்குள்ள தன்ட சத்தம் கேக்கல்லயாம். ஆர்லயும் பிழை இல்லயாம்."